மனுவின் மூன்றாம் பத்தி

முதலியார்பேட்டை
11.9.1978

அன்பு மகள் அஞ்சலாட்சிக்குச் சித்தப்பா சாமிக்கண்ணு எழுதுவது. நானும் உன் சித்தியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உன் தம்பி ஜானகிராமனும் மருமகள் தையல்நாயகியும் அப்படியே. மாஹேயில் மழை விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஈரத் துணியோடு நிற்காதே. உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும்.

நாளை மறுநாள் என் பேரன் போய் ஒரு வருஷம். ஒன்பது நாள் இருந்தான். பெயர்கூட வைக்கவில்லை. அவன் சாவுக்குக் காரணம் கேட்டு நான் போட்ட நான்காவது மனுவுக்குச் சுகாதார இலாகா இப்போதுதான் பதில் அனுப்பியிருக்கிறது. ஆறு வரி. அதில் ஒரு வரியை அப்படியே எழுதுகிறேன்: “உறவினர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து புகட்டிய பொருளால் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் ஏற்பட்டிருக்கலாம் எனத் தெரியவருகிறது.”

பார்த்தாயா? கொன்றது அவர்கள், பழி நம் தலையில்.

நான் சும்மா இருக்கவில்லை. நகராட்சி மேரி ஆபீசுக்குப் போய் இறப்புப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருக்கும் கிழவர் பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள். “முசே சாமிக்கண்ணு, ஒமக்கு வேற வேலையே இல்லியா?” என்றார். “மில்லுல இருந்து வெளிய வந்த பெறகு இதான் வேல” என்றேன். மூன்று நாள் உட்கார்ந்து நகல் எடுத்தேன். போன வருஷம் ஆகஸ்டு இருபதிலிருந்து செப்டம்பர் பதின்மூன்றுக்குள் அதே பச்சைக் குழந்தை வார்டில் ஐந்து சாவு. ஐந்துக்கும் மூளைக்காய்ச்சல். ஐந்துக்கும் ஊசி போட்டார்கள், ஒன்றுக்கும் கேட்கவில்லை. மருந்து காலாவதியாகியிருக்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்து மருந்தென்று போட்டிருக்க வேண்டும்.

அந்த வார்டில் அப்போது நர்ஸாக இருந்தவள் நீ. உன்னை மறு மாதமே மாஹேக்குத் தூக்கியடித்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியாதா? நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி. தையல்நாயகி நான்கு மாதமாக முழுகாமல் இருக்கிறாள். பிப்ரவரியில் நாள். இந்தத் தடவை எந்த ஆஸ்பத்திரிப் படியையும் அவளை மிதிக்க விடமாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
சித்தப்பா


மாஹே
29.9.1978

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு அஞ்சலாட்சியின் வணக்கம். சித்திக்கும் சொல்லவும். எனக்குச் சளி இல்லை. இங்கே புறநோயாளிகள் பிரிவில் கட்டுப் போடும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மலையாளம் பாதி புரிகிறது.

தையல்நாயகி விஷயம் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். உடனே பயமும் வந்தது. சித்தப்பா, போன தடவை அவளுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஒன்றரை வருஷத்துக்குள் அடுத்த பிரசவம். வலி எடுத்தால் பழைய தையல் உள்ளேயே பிரிந்துவிடும். பிரிந்தால் கால் மணி நேரம்கூட இல்லை. இதை நான் பயமுறுத்த எழுதவில்லை, பார்த்திருக்கிறேன். ஜனவரி கடைசியிலேயே அவள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்ட தாளைப் பற்றி. வருஷம் ஒன்றாகிவிட்டது. எது எந்த நாளில் நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. தப்பாக எழுதிவிட்டால் உங்கள் மனுவுக்குத்தான் கெடுதல்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை
12.10.1978

அன்பு மகளுக்கு, உன் கடிதம் வந்தது. இங்கே யாருக்கும் நோவில்லை. உன் ஞாபகத்துக்குத்தான் நோவு வந்திருக்கிறது போலிருக்கிறது.

ஐந்தாவது படிக்கும்போது கேட்ட கணக்கையெல்லாம் வரிசையாக ஒப்பித்தவள் நீ. ஒரு வருஷத்தில் மறந்துவிட்டது என்று எனக்கே எழுதுகிறாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தறியில் நின்றுகொண்டே துண்டறிக்கை படித்து எழுத்துக் கற்றவன். என்னை ஏமாற்றப் படித்த பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

சரி, உனக்குப் பயம். மெமோ கொடுப்பார்கள், வேலை போகும். புரிகிறது. அதனால் நான் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். செத்த மற்ற நான்கு குழந்தைகளின் வீட்டையும் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு தேங்காய்த்திட்டு, ஒன்று நம் பேட்டை, ஒன்று வில்லியனூர்ப் பக்கம். நான்கு வீட்டாரும் கைநாட்டும் கையெழுத்தும் வைத்துவிட்டார்கள். இது ஐந்து குடும்பத்தின் மனு. விசாரணை அதிகாரி ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். மனுவின் நகல் இதோடு இருக்கிறது. மூன்றாம் பத்தியை நன்றாகப் படி. அவர்களுடைய ஆறு வரியை அடிப்பது அதுதான்:

“எங்கள் ஐந்து குழந்தைகளின் வாயிலும் ஆஸ்பத்திரியார் கொடுத்ததைத் தவிர வேறு ஒரு சொட்டும் படவில்லை என்று நாங்கள் சத்தியமாகச் சொல்கிறோம்.”

இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பிரசவத்துக்குத் தேங்காய்த்திட்டு அஞ்சம்மாளைச் சொல்லி வைத்திருக்கிறேன். நானூறு பிள்ளை எடுத்த கை. தையல்நாயகியும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். மனுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், படித்தேன். கேட்டுவிட்டு, “நீங்க இருக்கங்காட்டியும் எங்கொழந்த செத்த காரணம் எனக்குத் தெரிஞ்சுது மாமா” என்றாள். அவள் அப்பா அம்மாவாசை மட்டும் முனகுகிறார். “டாக்டரம்மா சொல்றாங்களே சம்பந்தி...” என்று இழுத்தார். அந்த மனிதர் எதிரில் பசுமாடு வந்தாலும் ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர். அவர் பேச்சை யார் கேட்பது?

தாளை அனுப்பு.
சித்தப்பா


முதலியார்பேட்டை
27.11.1978

அஞ்சலாட்சிக்கு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன், கிடைக்கவில்லை என்று சொல்ல வழி இருக்காது. நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன். சுகமில்லாதவர்கள் கடிதம் எழுதுவார்கள்.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. விசாரணை அதிகாரி ஜனவரியில் கூப்பிடுவார். சாட்சி கேட்பார். நான்கு வீட்டுப் பெண்களும், “பெரியவரே, ஒங்க வூட்டுப் பொண்ணே அங்க நர்ஸா இருந்துச்சாமே, அது என்னா சொல்லுது?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? என் அண்ணன் மகளுக்கு மறதி வியாதி என்றா?

தையல்நாயகிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கால் வீக்கம் இருக்கிறது. அஞ்சம்மாள் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, “தையல் போட்ட வயிறா? மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். திரும்பக் கூப்பிட்டு அனுப்பியும் வரவில்லை. வேறு ஆள் பார்க்கிறேன்.

ஒரு வார்த்தை எழுது. எழுத மாட்டேன் என்றாவது எழுது.
சாமிக்கண்ணு


மாஹே
10.12.1978

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு வணக்கம். நான் நலம் என்று எழுத வேண்டும், ஆனால் இந்த எட்டு வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். சித்தி, தம்பி, தையல்நாயகி எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மனுவின் மூன்றாம் பத்தியைப் படித்தேன்.

மருந்து காலாவதியானதல்ல. ஊசியில் தண்ணீரும் இல்லை. லேப்பில் வேலை பார்க்கும் தணிகாசலம் அண்ணன் எனக்குச் சொன்னதை எழுதுகிறேன். முதல் இரண்டு குழந்தைகளின் முதுகுத்தண்டு நீரில் ஒரு கிருமி மஞ்சளாக முளைத்தது. அப்படி ஒன்றை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. எங்கிருந்தோ விழுந்த அழுக்கு என்று கழுவிக் கொட்டிவிட்டார்கள். மூன்றாவது குழந்தைக்கும் அதே மஞ்சள் வந்தபோதுதான் அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. மருந்தில் நனைத்த சின்னக் காகித வில்லைகளைக் கிருமித் தட்டில் வைப்பார்கள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காது. இது பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் எல்லா வில்லையின் ஓரம் வரைக்கும் முளைத்து நின்றது. ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் கொஞ்சம் விலகியது. அது பச்சைக் குழந்தைக்கு வழக்கமாகப் போடுகிற மருந்தல்ல. அந்தச் சீட்டு வார்டுக்கு வந்தபோது ஐந்தாவது குழந்தையும் போய்விட்டது. ஐந்தாவது நம்முடையது.

அது தண்ணீரில் வாழும் கிருமி. உங்களையும் என்னையும் ஒன்றும் செய்யாது. பிறந்த குழந்தையின் மூளைக்குப் போய்விடும். வார்டில் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு குழாய் இருந்ததே, அதன் வாயை அண்ணன் பஞ்சால் துடைத்துத் தட்டில் போட்டார். மூன்றாம் நாள் அதே மஞ்சள். பெரிய டாக்டர், “கொழாய மாத்திடுங்க, பேப்பர்ல ஏத்தாதீங்க” என்றாராம். மாற்றிவிட்டார்கள். பைப், தொட்டி எல்லாம். இப்போது வார்டில் கொதிக்கவைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அதற்குப் பிறகு ஒரு குழந்தைக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. தையல்நாயகி இப்போது அங்கே போகலாம். போக வேண்டும்.

மற்ற நான்கு குழந்தைகளுக்கும் மூக்கு வழியாக டியூப் வைத்துப் பால் ஊற்றினோம். பால் பவுடர் கரைக்கிற வெந்நீர் தீர்ந்தால் அந்தக் குழாயில் பிடித்துக் கலப்போம். நானும் கலந்திருக்கிறேன்.

நம் குழந்தைக்கு டியூப் வைக்கவில்லை. நல்ல எடை, நல்ல அழுகை. அம்மாவுக்கு மயக்கம் தெளிந்ததும் பால் குடிக்க வேண்டியவன். அவனுக்குக் கிருமி எப்படிப் போயிற்று என்று தணிகாசலம் அண்ணன் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை
8.1.1979

அஞ்சலாட்சிக்கு. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே எல்லோரும் நலம். நான் எப்படி என்று கேட்காதே.

அந்தக் கேள்வியை எனக்கு எதற்கு எழுதினாய்? நீயே பதில் சொல்லியிருக்கலாமே. பக்கத்தில் இருந்தவள் நீதானே? சரி, நான் சொல்கிறேன். ஒருவருக்கொருவர் ஒளித்து விளையாடினது போதும்.

பிள்ளை பிறந்த அன்று காலை அம்மாவாசை தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும், சேனை வைக்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். பிறந்த பிள்ளையின் நாக்கில் எந்தப் பெரியவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பதை நான் நம்புகிறவன் அல்ல. மில் வாசலில் மூடநம்பிக்கையை எதிர்த்து இருபது வருஷம் பேசியவன். ஆனாலும் அந்த மனிதருடைய குணம் என் பேரனுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். அவர் வருவதற்குள் நான் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாமலேயே செய்தேன். அதற்கு என்ன பெயர் வைப்பாயோ வைத்துக்கொள்.

உள்ளே விடமாட்டார்கள். பின்கதவைத் திறந்துவிட்டது யார்? நீ. “அஞ்சு நிமிஷம் சித்தப்பா, சிஸ்டர் வர்றதுக்குள்ள” என்றது யார்? நீ. சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்டது வெந்நீர். கேட்டேனா இல்லையா? “ஃபிளாஸ்க்ல தீந்துபோச்சு, அந்தக் கொழாயில புடிச்சுக்குங்க” என்று காட்டியது யார்?

கேட்டது நான் வெந்நீர். காட்டியது நீ குழாய்.

இதை எழுதித் தபாலில் போடத்தான் வேண்டுமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். எழுதிவிட்டேன்.
சாமிக்கண்ணு


மாஹே
15.1.1979

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு வணக்கம். எல்லோருடைய நலத்தையும் விரும்புகிறேன். உங்கள் நலத்தையும்தான்.

ஆமாம். கதவைத் திறந்தது நான். குழாயைக் காட்டியதும் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. என்னை யாரும் மாஹேக்குத் தூக்கியடிக்கவில்லை. நானே எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்ட மாற்றல் இது. முதலியார்பேட்டையில் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் என் பஸ் போகும். தையல்நாயகி தண்ணீர் பிடிக்க வாசலில் நிற்பாள், என்னைப் பார்த்ததும் “அக்கா” என்று கை காட்டுவாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நீங்கள் கேட்ட தாள் இதோடு இருக்கிறது. லேப், குழாய், பால் பவுடர், பின்கதவு, சர்க்கரை எல்லாம் எழுதியிருக்கிறேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என் ஞாபகத்தில் ஒரு நாளும் குறையவில்லை சித்தப்பா. விசாரணையில் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம். கொடுத்தால் என் வேலை போகலாம். உங்கள் மூன்றாம் பத்தி நிச்சயம் போகும். ஆனால் குழாய் காகிதத்தில் ஏறும்.

அதெல்லாம் பிறகு. இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. தையல்நாயகியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை
24.1.1979

அன்பு மகளுக்கு. உன் சித்திக்கு இருமல், கஷாயம் குடிக்கிறாள். தையல்நாயகிக்கு வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. உன் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது.

நேற்று தையல்நாயகியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“ஆஸ்பத்திரியா?” என்றாள். “நீங்களா மாமா சொல்றீங்க?”

“ஆமா. இப்ப எல்லாம் மாத்திட்டாங்களாம்.”

“யாரு சொன்னா?”

“கேள்விப்பட்டேன்.”

“கேள்விப்பட்டத நம்பக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? எழுத்துல குடுத்திருக்காங்களா?”

அவள் உள்ளே போய் மனுவின் நகலை எடுத்துவந்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பவள், என் எதிரிலேயே மெதுவாகப் படித்தாள். “ஒரு சொட்டும் படவில்லை என்று நாங்கள் சத்தியமாகச் சொல்கிறோம்.” படித்துவிட்டு, “எம்புள்ளய ஊசி போட்டுக் கொன்ன எடத்துக்கு நான் போவ மாட்டேன். செத்தாலும் இந்த வூட்லயே சாவறேன்” என்றாள். ஜானகிராமன், “அப்பா, அவள கொழப்பாதீங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்லாதீங்க” என்று என்னை அதட்டினான். என்னை, என் மகன்.

அவளை நம்பவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நன்றாகத்தான் நம்பவைத்திருக்கிறேன். இப்போது அஞ்சம்மாளும் வரமாட்டாள், வேறு ஆளும் கிடைக்கவில்லை.

நீ அவளுக்கு நேராக எழுதிப் பார்க்கிறாயா? குழாயை மட்டும் எழுது. மற்றதை எழுதாதே.

சித்தப்பா


மாஹே
29.1.1979

சித்தப்பாவுக்கு வணக்கம். சித்தியின் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கவும், கஷாயம் போதாது.

குழாயை மட்டும் எழுத முடியாது. “எம்புள்ளைக்குத்தான் டியூபே வைக்கலியே அக்கா” என்று அவள் கேட்பாள். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். என் வாயால் அவளுக்குத் தெரிய வேண்டுமா, உங்கள் வாயாலா?

அவள் உங்கள் சொல்லுக்காகச் சாகத் தயாராக இருக்கிறாள். நான்கு நாளில் இது உங்கள் கையில் கிடைக்கும். அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அஞ்சலாட்சி


முதலியார்பேட்டை
12.3.1979

அன்பு மகள் அஞ்சலாட்சிக்குச் சித்தப்பா எழுதுவது. உன் சித்திக்கு இருமல் நின்றுவிட்டது. நான் வெயிலில் நின்றதில் கறுத்துப் போயிருக்கிறேன், வேறு குறையில்லை. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

உன் கடிதம் பிப்ரவரி மூன்றாம் தேதி வந்தது. தையல்நாயகி அருவாமனையில் கிழங்கா மீன் அரிந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். அம்மாவாசை வந்த பஸ், சர்க்கரை, நீ திறந்த கதவு, குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவையும் குழாயையும் சொல்லும்போது உன் பெயரை முதலில் சொன்னேன். பிறகு அது சரியில்லை என்று தோன்றி, கேட்டது நான் என்றும் சொன்னேன்.

அவள் மீனை விடவில்லை. அரிந்துகொண்டே கேட்டாள்.

“சுட்ட தண்ணி இல்லியா மாமா?”

“இல்ல.”

“எத்தினி சொட்டு?”

“மூணு. வெரலால வச்சேன்.”

“சப்புனானா?”

“சப்புனான்” என்றேன்.

மிச்ச மீனை அரிந்து முடித்தாள். கையைக் கழுவினாள். ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு ஜானகிராமனிடம், “ரிக்‌ஷா கூப்புடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் ஏறும்போது என்னைப் பார்த்து, “நீங்க ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டி உள்ள வரக்கூடாது” என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே படுக்க வைத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி காலை திரும்பவும் கிழித்து எடுத்தார்கள். பெண். தையல் ஓர் இடத்தில் காகிதம் மாதிரி மெலிந்திருந்ததாம். வீட்டில் வலி எடுத்திருந்தால் என்று டாக்டரம்மா ஏதோ சொல்லியிருக்கிறாள். ஜானகிராமன் என்னிடம் பாதி சொல்லி நிறுத்திவிட்டான்.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். மூன்றாம் தேதியிலிருந்து தினமும். பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்ட விசாரணைக்கு நான் போன ஒரு நாள் மட்டும் இல்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன். புது மனு எழுதினேன். மூன்றாம் பத்தியில் மற்ற நான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஐந்தாவது குழந்தைக்கு அதன் தாத்தா சாமிக்கண்ணு வார்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில் சர்க்கரை கரைத்து வைத்தார் என்று எழுதினேன். உன் தாளையும் சேர்த்துத் தைத்தேன். ஆபீஸ் கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு, “இத குடுத்தா ஒங்க மனுவே நிக்காது பெரியவரே” என்றான். “நிக்கலன்னா ஒக்காரட்டும். நீ ஆபீஸ் சீல போடு” என்றேன். அதிகாரி என்னைத்தான் முதலில் கேட்டார், “அப்ப தப்பு ஒங்களுதுதானே?” என்று. “என் தப்ப மொதல்ல எழுதுங்க. எழுதி முடிச்சதும் அந்தக் கொழா யாருதுன்னு அடுத்த கேள்விய கேளுங்க. அத மாத்திட்டு ஏன் பேப்பர்ல ஏத்தலன்னு அதுக்கடுத்த கேள்வி” என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். லேப்பிலிருந்து கிருமித் தட்டுக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம். தேங்காய்த்திட்டு வீடு ஒன்று என்னைத் திட்டிவிட்டுக் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மற்ற மூவரும் இருக்கிறார்கள். உனக்கு மெமோ வந்திருக்கும். வந்தால் பதிலை நீயே எழுதாதே, எனக்கு அனுப்பு. மெமோவுக்குப் பதில் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் நான் உன்னைக் கெடுத்தவன் என்பதும் தெரியும்.

கேட்டில் நின்ற நாளெல்லாம் எனக்கு உள்ளேயிருந்து செய்தி கொண்டுவந்தவர் அம்மாவாசை. பால் குடித்தது, மலம் போனது, எடை ஆறு பவுண்டு என்று ஒவ்வொன்றையும் ஓடிவந்து சொல்லிவிட்டு ஓடிப்போவார். ஒரு நாள் டீ வாங்கிவந்து, “மாப்ள வூட்டுப் பெரியவரு வெயில்ல நிக்கிறீங்களே சம்பந்தி” என்றார். அவருக்கு நான் செய்தது எல்லாம் தெரியும். மகள் சொல்லியிருக்கிறாள். தெரிந்தும் டீயை இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

இருபத்திரண்டாம் தேதி தையல்நாயகியைத் தவளக்குப்பத்துக்கு அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். குழந்தையைத் துணியில் சுற்றி என்னைத் தாண்டித்தான் கொண்டுபோனார்கள். துணியைத்தான் பார்த்தேன்.

கூப்பிடாத வீட்டுக்குப் போகிறவன் இல்லை நான். ஆனால் தவளக்குப்பம் ஜங்ஷன் யாருடைய வீடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் பஸ்ஸில் போய் அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறேன். மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. அம்மாவாசை வந்து பக்கத்தில் உட்காருவார். குழந்தை என்ன செய்தது என்று நான் கேட்பதில்லை, அவரே சொல்வார்.

நேற்று நான் திரும்பும் பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் ஓடிவந்து, குழந்தை காலையிலிருந்து நாலைந்து தடவை தும்மியது என்றார். “சும்மா தும்மலா, ஒடம்பு சுடுதா?” என்று கத்திக் கேட்டேன். பஸ் நகர்ந்துவிட்டது. அவர் வாயசைத்தது தெரிந்தது, கேட்கவில்லை.

பிறந்து இருபத்தெட்டு நாளான குழந்தை நாலைந்து தடவை தும்மினால் என்ன அர்த்தம்? இது கிடைத்த அன்றைக்கே எழுது. முடிந்தால் தந்தி கொடு.

சித்தப்பா